உபுண்டுவா, மின்ட்டா, ஸோரினா: பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு தந்தார்கள்; அது தவணை வாங்குவது மாதிரிதான். விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2015, 2016-இல் வாங்கி இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினிகள் அந்த வாசலோடு நின்றுவிடுகின்றன. அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் பல பீரோவில் சும்மா கிடக்கின்றன. ஆகவே "இதில் லினக்ஸ் போடலாமா, எந்த லினக்ஸ் போடலாம்?" என்ற கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்தான் லினக்ஸ்.

தேடிப் பார்த்தால் தலை சுற்றும். டிஸ்ட்ரோவாட்ச் தளத்தில் நூற்றுக்கணக்கான டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகள்) வரிசை கட்டி நிற்கின்றன, அவற்றில் பாதி "புதியவர்களுக்கு எளியது" என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறது. இன்ஸ்டால் செய்வதை வைத்து எளிமையை அளந்தால் அவை சொல்வது பொய்யும் இல்லை. முன்னணியில் உள்ள எதை எடுத்தாலும் இன்று அது அரைமணி, முக்கால் மணி நேர வேலை. நான் பார்ப்பது வேறு. ஆறு மாதம் கழித்து, ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை வரவில்லை அல்லது திரை கறுப்பாக நிற்கிறது. பக்கத்தில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்போது அந்தப் புதியவர் தானே மீண்டு வர முடியுமா? கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

பெயர் பல, குடும்பம் சில

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய கெர்னல்தான், அதாவது வன்பொருளை இயக்கும் மையப் பகுதிதான், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அதன்மேல் 1993-இல் டெபியன் வந்தது. டெபியனை எடுத்து 2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. உபுண்டுவை எடுத்து மின்ட்டும் ஸோரினும் வந்தன. எம்எக்ஸ் லினக்ஸும், நம் நாட்டு பாஸ் லினக்ஸும் நேரே டெபியன் பிள்ளைகள். ஃபெடோரா மட்டும் ரெட்ஹாட் வழி வந்த வேறு குடும்பம்.

இந்த வம்சாவளியைத் தெரிந்துகொள்வதால் ஒரு பயன் உண்டு. மின்ட் 22-உம் ஸோரின் 18-உம் உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டவை. உபுண்டு 24.04-க்கு யாரோ எழுதிவைத்த தீர்வு இந்த இரண்டிலும் பெரும்பாலும் அப்படியே செல்லுபடியாகும். கூகுளில் உங்கள் லேப்டாப் மாடலோடு "உபுண்டு" என்று சேர்த்துத் தேடினால் ஏதாவது ஒரு பதில் கிடைக்கும். சின்னக் குடும்பத்து டிஸ்ட்ரோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்படியானால் மின்ட்டுக்கும் உபுண்டுவுக்கும் என்னதான் வேறுபாடு? கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப், அப்டேட் வரும் முறை, சிக்கல் வந்தால் கைகொடுக்க உள்ளேயே வைத்திருக்கும் கருவிகள். இந்த மூன்றும்தான்.

உபுண்டு

பெயர் தெரிந்த டிஸ்ட்ரோ. ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பிவைத்தார்கள். 2011-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு வருகிறது. அதற்கு ஐந்து ஆண்டு ஆதரவு. உபுண்டு ப்ரோவில் பதிவு செய்துகொண்டால் பத்து ஆண்டு. வீட்டு உபயோகத்துக்கு ஐந்து கணினிகள் வரை அதற்குக் காசு வாங்குவதில்லை. இடையில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வரும் மற்றப் பதிப்புகளுக்கு ஒன்பது மாத ஆயுள்தான். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இதன் பெரிய பலம் நிறுவனங்களின் ஆதரவு. லினக்ஸுக்கு மென்பொருள் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் உபுண்டுவுக்குத்தான் தருகின்றன. கல்லூரியில் ஏஐ, ரோபாட்டிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடக்குறிப்பிலேயே உபுண்டு என்று போட்டிருக்கும். அவர்கள் வேறு யோசனையே செய்யாமல் உபுண்டு எல்டிஎஸ் போட்டுக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு நான் இதை முதலில் சொல்லாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, க்னோம் டெஸ்க்டாப். அழகானது, ஆனால் விண்டோஸில் பழகிய கைக்கு அந்நியமானது. இடது ஓரத்தில் ஐகான் பட்டை, ஸ்டார்ட் மெனு கிடையாது. இருபது வயதுக்காரர் ஒரே நாளில் பழகிவிடுவார். ஓய்வை நெருங்கும் ஐம்பத்தைந்து வயது ஆசிரியருக்கு அந்த ஒரு நாள் ஒரு மாதமாகிவிடும். இரண்டாவது, ஸ்னாப். ஃபயர்ஃபாக்ஸ் உட்படச் சில செயலிகளை ஸ்னாப் என்ற பொதியாக்க முறையில்தான் உபுண்டு தருகிறது. எஸ்எஸ்டி இருந்தால் பெரிதாகத் தெரியாது. சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினியில் முதல்முறை திறக்கும்போது பொறுமையைச் சோதிக்கும். 24.04 பதிப்புக்கே குறைந்தது 4 ஜிபி ரேம் என்று உபுண்டு சொல்கிறது. 4 ஜிபி இருந்து குரோமில் பத்து டேப் திறப்பவருக்கு அது குருவி தலையில் பனங்காய்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். உபுண்டு 24.04-ஐ நிறுவ இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு 6 ஜிபி அளவில் இருக்கிறது, மின்ட் 3 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. தினம் ஒன்றரை ஜிபி பேக் வைத்து மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்குபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

லினக்ஸ் மின்ட்

2006-இல் கிளமென்ட் லெஃபெவ்ர் தொடங்கியது. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. நன்கொடையிலும் விளம்பர ஆதரவிலும் ஓடுகிறது. உபுண்டு எல்டிஎஸ்ஸை மட்டுமே அடித்தளமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் தொல்லை இல்லை. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு.

சின்னமன் டெஸ்க்டாப்பைத் திறந்தால் இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 காலத்து ஆட்கள் யாரும் வழி கேட்க வேண்டியிருக்காது. ஆனால் மின்ட்டை நான் முன்னால் நிறுத்துவது இந்தத் தோற்றத்துக்காக இல்லை. ஸோரினும் இதே தோற்றத்தைத் தருகிறது.

டைம்ஷிஃப்ட்டுக்காக. அமைப்பின் கோப்புகளை அன்றைய நிலையில் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் கருவி இது. மின்ட்டில் ஏற்கெனவே உள்ளது. முதல்முறை திறக்கும் வரவேற்புத் திரையிலேயே "இதை அமைத்துக்கொள்" என்று நினைவூட்டும். அப்டேட் மேனேஜரும் இதை அமைக்காமல் விட்டால் சுட்டிக்காட்டும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கணினி மக்கர் செய்தால் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து நேற்றைய பிரதியைத் தேர்ந்தெடுத்து "ரீஸ்டோர்" கொடுக்க வேண்டியதுதான். டெஸ்க்டாப்பே வரவில்லை என்றால்? இன்ஸ்டால் செய்யப் பயன்படுத்திய பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கணினியைப் பூட் செய்தால் (தொடங்கினால்), அதற்குள்ளும் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் உள்ள பழைய பிரதிகளை அதுவே கண்டுபிடித்து மீட்டுத் தரும். கட்டளை வரியில் ஒரு எழுத்துகூட அடிக்க வேண்டாம். பதறிப்போய் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் பழைய குருடி கதவைத் திறடி என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும் நிலை பெரும்பாலும் வராது. உபுண்டுவிலும் இதை நிறுவிக்கொள்ளலாம்தான். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே புதியவருக்குத் தெரியாது.

டைம்ஷிஃப்ட்டை நம்பும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அது அமைப்பை மட்டும்தான் காக்கும். உங்கள் படங்கள், ஆவணங்கள் உள்ள ஹோம் கோப்புறையை இயல்பாக அது தொடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும்.

கைகொடுக்கும் இன்னொன்று டிரைவர் மேனேஜர். என்விடியா கிராஃபிக்ஸ், சில பிராட்காம் வைஃபை சில்லுகள் போன்றவற்றுக்கு எந்த டிரைவர் சரி என்று பட்டியலிட்டு "பரிந்துரைக்கப்படுவது" என்று ஒன்றைக் குறித்துக் காட்டும். ஸ்னாப்பை மின்ட் இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் வழக்கமான பொதியாகவே வருகிறது, சட்டென்று திறக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கெர்னல் சற்றுப் பழையதாகவே இருக்கும். நேற்று வந்த புத்தம்புது லேப்டாப்பின் வைஃபையையோ ஒலியையோ அதற்குத் தெரியாமல் போகலாம். தோற்றமும் கொஞ்சம் பழைய பாணி. ஐந்தாறு வயதான கணினிக்கு இந்த இரண்டும் பொருட்டே இல்லை.

மின்ட்டிலேயே மூன்று பதிப்புகள் உண்டு: சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. 4 ஜிபியும் அதற்கு மேலும் என்றால் சின்னமன். அதற்குக் கீழே அல்லது பிராசஸர் ரொம்பப் பழசு என்றால் எக்ஸ்எஃப்சிஇ. மாட்டேவைப் பற்றிப் புதியவர் கவலைப்பட வேண்டியதில்லை.

ஸோரின், ஃபெடோரா, மற்றவை

ஸோரின் அயர்லாந்தில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த அதே நாளில்தான் ஸோரின் 18-ஐ வெளியிட்டார்கள். யாரைக் குறிவைக்கிறார்கள் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. பார்க்க மின்ட்டைவிட நவீனம். விண்டோஸின் இஎக்ஸ்இ கோப்பு ஒன்றை இரட்டைச் சொடுக்குப் போட்டால், அதற்கு இணையான லினக்ஸ் செயலி இருந்தால் அதைப் பரிந்துரைக்கும், நல்ல யோசனை. கோர் பதிப்பு இலவசம். சில கூடுதல் டெஸ்க்டாப் அமைப்புகளுக்கு ப்ரோ பதிப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அடியில் ஓடுவது மாற்றியமைத்த க்னோம் என்பதால் சின்னமனைவிட ரேம் கூடுதலாகக் கேட்கும். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்து, "பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும்" என்பவருக்கு இது நல்ல தேர்வு.

ஃபெடோராவை நிரலாளர்கள் கொண்டாடுவார்கள். நியாயம்தான், புதியவை எல்லாம் முதலில் வந்து சேரும் இடம் அது. ஆனால் ஒரு பதிப்பின் ஆயுள் ஏறத்தாழ 13 மாதம். ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுப் பதிப்பையும் மாற்றியாக வேண்டும். சில வீடியோக்கள் ஓட, உரிமச் சிக்கல் காரணமாக ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர் இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கடையிலிருந்து இப்போதுதான் வந்த லேப்டாப்பில் மின்ட் தடுமாறினால் ஃபெடோராவைச் சோதித்துப் பாருங்கள்.

டெபியன் பாறை மாதிரி உறுதி. 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபை போன்றவற்றுக்கான ஃபர்ம்வேர் கோப்புகளையும் நிறுவியோடு (இன்ஸ்டாலரோடு) சேர்த்தே தருவதால், முன்பிருந்த பெரிய முட்டுக்கட்டை நீங்கிவிட்டது. என்றாலும் நிறுவும்போது கேட்கும் கேள்விகள் கூடுதல். டெபியனின் உறுதி வேண்டும், பழைய கணினியில் ஓட வேண்டும், கொஞ்சம் எளிதாகவும் இருக்க வேண்டும் என்றால் எம்எக்ஸ் லினக்ஸ். 2 ஜிபி ரேம் கணினிகளுக்கு என் கை முதலில் இதற்கோ மின்ட் எக்ஸ்எஃப்சிஇக்கோதான் போகும். பிராசஸர் 32-பிட் மட்டும் என்றால் வழி குறுகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் நிறுவியைக் கைவிட்டுவிட்டது. அந்தக் கணினியோடு இனியும் மல்லுக்கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

பாஸ் லினக்ஸைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இதையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தமிழ் உட்பட இந்திய மொழி வசதிகள் தயாராக உள்ளன என்பது இதன் நல்ல அம்சம். ஆனால் நான் வைத்த அளவுகோலில் இது தேறவில்லை. ஒரு பிழைச்செய்தி வந்தால் அதே செய்தியை இதற்கு முன் பார்த்து, தீர்த்து, எழுதி வைத்தவர்கள் குறைவு. அடித்தளம் டெபியன் என்று தெரிந்தவர் டெபியனுக்கான தீர்வைத் தேடிக்கொள்வார், புதியவர் திகைத்து நிற்பார். பக்கத்தில் கேரளத்தில் பள்ளிகளுக்கான கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தன் பதிப்பை உருவாக்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. அங்கே ஊன்றியதற்கும் இங்கே ஊன்றாததற்கும் மென்பொருளைவிட அந்தப் பயிற்சிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாறவே கூடாதவர்கள்

இதைச் சொல்லாமல் லினக்ஸைப் பரிந்துரைப்பது ஏமாற்று. டேலியில் கணக்கு எழுதுபவர் விண்டோஸிலேயே இருக்கட்டும். டேலி லினக்ஸில் நேரடியாக நிறுவ வருவதில்லை. ஃபோட்டோஷாப், கோரல்டிராவில் பிழைப்பு நடத்தும் ஃபிளெக்ஸ், அழைப்பிதழ்க் கடைக்காரரும் அப்படியே. ஜிம்ப், இங்க்ஸ்கேப் நல்ல கருவிகள்தான், ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் கோரல்டிராவின் சிடிஆர் கோப்பை அப்படியே திறக்க அவற்றை நம்ப முடியாது. ஜிஎஸ்டி, டெண்டர் வேலைகளுக்கு டிஎஸ்சி (மின்கையொப்ப) டோக்கன் செருகிக் கையொப்பமிடுபவர், டோக்கன் நிறுவனம் லினக்ஸ் டிரைவர் தருகிறதா, அந்த அரசுத் தளத்தின் கையொப்பச் செயலி லினக்ஸில் ஓடுமா என்று இரண்டையும் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். வேலரன்ட் ஆடும் பிள்ளைகளுக்கும் கதவு மூடியே இருக்கிறது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை.

பிரின்டர் தனிக் கதை. ஹெச்பி பிரின்டர்கள் பெரும்பாலானவை செருகியவுடன் வேலை செய்யும். வைஃபை உள்ள புது பிரின்டர்களும் எந்த பிராண்டானாலும் அதிகம் சிரமம் தருவதில்லை. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் சின்ன அலுவலகங்களிலும் எங்கு பார்த்தாலும் உட்கார்ந்திருக்கும் கேனன் எல்பிபி 2900 இருக்கிறதே, அதுதான் சோதனை. கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழியில் பேசும் பிரின்டர் அது. லினக்ஸுக்கு டிரைவர் இருக்கிறது, நிறுவவும் முடியும்; ஆனால் புதியவர் தனியாகச் செய்கிற காரியம் இல்லை. அந்த பிரின்டரை நம்பித் தொழில் நடக்கிறது என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள், பக்கத்தில் லினக்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டு கோப்புகள் லிப்ரே ஆஃபிஸில் திறக்கும். தமிழ்க் கோப்புகளில் மட்டும் ஒரு சிக்கல். லதா, நிர்மலா யுஐ எழுத்துருக்கள் விண்டோஸுக்குச் சொந்தமானவை. லினக்ஸில் அவற்றுக்குப் பதில் நோட்டோவோ லோஹித்தோ வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறுவதால் பத்துப் பக்கம் பதினொன்றாகிவிடும். இரண்டு பக்கமும் நோட்டோ தமிழ் எழுத்துருவையே பயன்படுத்துவது அல்லது பிடிஎஃப்பாக அனுப்புவது வழி. பாமினியில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவிக்கொண்டால் போதும்.

தமிழில் தட்டச்சு

எல்லா டிஸ்ட்ரோவிலும் முடியும், ஆனால் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விசைப்பலகைப் பட்டியலில் "தமிழ்நெட் 99" என்று ஒன்று முதலிலேயே கண்ணில் படும். அதைச் சேர்த்துவிட்டு "தமிழ்99 சரியாக வேலை செய்யவில்லை" என்று புலம்புபவர்கள் நிறைய. அது வெறும் விசை வரைபடம்; ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று போட்டுக்கொண்டே போகும். முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தமிழ்99-இன் உயிரே மெய் இரட்டித்தால் தானாக விழும் புள்ளிதான். அது வேண்டுமென்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் "ஐபஸ் எம்17என்" (ibus-m17n) என்ற பொதியை நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து வந்து, அதிலுள்ள தமிழ்99-ஐச் சேருங்கள். ஆங்கில விசைகளில் ஏ, கே, கே, க்யூ என்று நான்கு தட்டுத் தட்டிப் பாருங்கள். "அம்மா" வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். புள்ளி விழாமல் இரண்டு மகரம் தனித்தனியாக நின்றால் இன்னும் பழைய வரைபடத்திலேயே இருக்கிறீர்கள். அம்மா என்பதை ஆங்கில ஒலிப்படி அடிப்பவர்களுக்கு அதே பொதியில் ஒலிப்பு முறையும் இருக்கிறது.

நிறுவும் நாள்

முதலில் ஐஎஸ்ஓ. அந்தந்த டிஸ்ட்ரோவின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், இறக்கிய பிறகு கோப்பின் ஷா256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் தளத்தையே ஊடுருவி, சின்னமன் பதிப்புக்கான இணைப்பைத் திருத்தி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனாலும் அன்று இறக்கியவர்களுக்கு அது அகப்பட்டுவிட்டது.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, அதில் ஐஎஸ்ஓவை எழுத விண்டோஸில் ரூஃபஸ் அல்லது எட்சர். பென்டிரைவில் உள்ள எல்லாம் அழியும். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யும்போது பூட் மெனு விசை: டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசரிலும் எஃப்12 தான், ஆனால் சிலவற்றில் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய் அந்த மெனுவை முதலில் இயக்க வேண்டியிருக்கும்.

பென்டிரைவிலிருந்து திறந்ததும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாதீர்கள். அது நேரடிப் பதிப்பு. உங்கள் டிஸ்க்கில் எதையும் எழுதாமலே எல்லாவற்றையும் சோதிக்கலாம். வைஃபை பிடிக்கிறதா, யூடியூபில் ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள், பிறகு தினமும் அவதிப்படுவார்கள். வேகத்தை மட்டும் இங்கே வைத்து எடைபோட வேண்டாம், பென்டிரைவின் வேகம்தான் அது. இரண்டு டிஸ்ட்ரோவுக்கு இடையில் முடிவுக்கு வர முடியாதவர்கள் இரண்டையும் இப்படிச் சோதித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் விண்டோஸுக்குள் இருக்கும்போதே மூன்று வேலைகள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பார்த்து மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 60, 80 ஜிபியாவது காலி இடம் விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கோப்புகளை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்திருக்க வேண்டும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிறுவியில் மொழி, விசைப்பலகை, வைஃபை என்று வரிசையாக வரும் பக்கங்களில் பயப்பட ஒன்றுமில்லை. நின்று படிக்க வேண்டிய பக்கம் ஒன்றே ஒன்று: டிஸ்க் பக்கம். "விண்டோஸோடு சேர்த்து நிறுவு" என்று ஒரு தேர்வு, "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்று இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் டி டிரைவில் உள்ள கல்யாண ஆல்பமும் சேர்ந்தே போகும். முதல் தேர்வு வரவே இல்லையென்றால், அல்லது டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பின்வாங்குங்கள். சில இன்டெல் கணினிகளில் பயாஸில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறை இயங்கிக்கொண்டிருக்கும். அது டிஸ்க்கை லினக்ஸிடமிருந்து மறைத்துவிடும். அதைச் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம் என்பதால், அதற்கான வழிமுறையைப் படித்துவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். பார்ட்டிஷனைக் கையால் பிரிக்கும் "வேறு ஏதாவது" தேர்வு முதல்முறைக்கு வேண்டாம்.

கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இணையத்தில் ஏராளம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாம் அது இயங்கும்போதே பூட் ஆகும். ஆனால் மல்டிமீடியா கோடெக், மூன்றாம் தரப்பு டிரைவர் என்ற பெட்டியில் டிக் போட்டால் நிறுவி ஒரு கடவுச்சொல் கேட்கலாம். மறுதொடக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று வந்து "என்ரோல் எம்ஓகே" என்று நிற்கும். வைரஸ் என்று பயந்து பவரை அணைத்துவிடுபவர்கள் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லை அடித்துவிட்டால் முடிந்தது. தவறவிட்டால் என்விடியா டிரைவரோ வைஃபை டிரைவரோ ஏறாது.

இரண்டு இயங்குதளமும் உள்ள கணினியில், லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடலாம். லினக்ஸ் கணினிக் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. பேட்டரி போய்விட்டதாக நினைத்துச் செல் மாற்ற ஓட வேண்டாம். உள்ளூர் நேரத்தையே பயன்படுத்துமாறு லினக்ஸுக்குச் சொல்லும் ஒற்றை வரிக் கட்டளை போதும்.

ஒரு செலவு செய்யத் தயாராக இருந்தால், ரேமுக்கு முன்னால் எஸ்எஸ்டி வாங்குங்கள். ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக்கிய பழைய லேப்டாப்பில் மின்ட்டுக்கும் ஸோரினுக்கும் உள்ள வேக வேறுபாட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

நிறுவி முடித்த முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியது: அப்டேட் மேனேஜரை ஒருமுறை முழுதாக ஓடவிடுவது, டிரைவர் மேனேஜரைத் திறந்து பார்ப்பது, டைம்ஷிஃப்ட்டில் வாரம் ஒரு பிரதி என்று அமைத்து முதல் பிரதியை உடனே எடுப்பது. அந்தப் பென்டிரைவை ஃபார்மேட் செய்யாமல் மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.

பிறகும் எங்காவது மாட்டிக்கொண்டால் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்குகின்றன, தமிழிலேயே பேசலாம். "லேப்டாப் வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. மின்ட்டில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் "காப்பி" என்ற பொத்தானை அழுத்தினால் மாடல், கெர்னல், வைஃபை சில்லு, கிராஃபிக்ஸ் எல்லாம் நகலாகிவிடும். அதை ஒட்டி, கடைசியாக என்ன செய்தபோது கெட்டது என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.